கடல் கொண்டதை மீட்பது: 'சால்வேஜ்' என்ற சொல்லும் ராமநாதபுரம் கரையில் அதன் வேலையும்

பாம்பன், மண்டபம், ஏர்வாடி, தொண்டி என்று எந்தக் கரையில் கேட்டாலும் 'சால்வேஜ்' என்ற சொல் இன்சூரன்ஸ் சர்வேயர் வாயிலிருந்துதான் முதலில் வரும். உடைந்த படகைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சால்வேஜ் நாற்பதாயிரம் போட்டிருக்கேன்" என்பார். அவர் சொல்வது, சிதைந்து கிடப்பதை விற்றால் கிடைக்கும் விலை. பழைய இரும்புக் கடைக்காரருக்கு அதே சொல் உடைசல். கப்பல் வழக்கறிஞருக்கு அது ஒரு கூலி. படகுக்காரருக்கு இந்த மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். இழப்பீட்டுப் படிவத்தில் ஒரு பொருளிலும் கடலில் வேறொரு பொருளிலும் இந்தச் சொல் அவரை வந்து தொடுகிறது.

வேரிலிருந்து பார்ப்போம். லத்தீனில் 'சால்வுஸ்' என்றால் பழுதில்லாத, பத்திரமான. அதிலிருந்து 'சால்வாரே', காப்பாற்றுதல். பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது 'சால்வேஜ்' என்பது காப்பாற்றும் வேலையின் பெயராக இல்லை. காப்பாற்றியவருக்குக் கொடுக்கும் பணத்தின் பெயராக இருந்தது. கடைசியில் ஒட்டியிருக்கும் 'ஏஜ்' அதைக் காட்டிக்கொடுக்கிறது. தபாலுக்குக் கொடுப்பது போஸ்டேஜ், கப்பலுக்கு வழிகாட்டியதற்குக் கொடுப்பது பைலட்டேஜ், காப்பாற்றியதற்குக் கொடுப்பது சால்வேஜ். வேலைக்கே அந்தப் பெயர் ஆனது 19ஆம் நூற்றாண்டில். உடைசலைச் சேகரித்து மறுபடி பயன்படுத்துவது என்ற பொருள் முதல் உலகப் போர்க் காலத்தில் சேர்ந்தது. சர்வேயர் சொல்லும் பொருளும் இப்படிக் கிளைத்த ஒன்றுதான்.

தமிழில் நாம் வைத்திருக்கும் 'மீட்பு' வேறு இடத்திலிருந்து வருகிறது. மீள்தல் என்றால் திரும்பி வருதல். மீட்டல் என்றால் திரும்பி வரச் செய்தல். பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கப் போவதைக் கரந்தை என்று இலக்கணம் பிரித்து வைத்திருக்கிறது. 'தொறு மீட்டுப் பட்டான்' என்று நடுகற்களில் எழுதியிருக்கிறது; தொறு என்பது மாட்டு மந்தை. அடகு வைத்த நகையை மீட்கிறோம். கடற்கரைக் கோயில்களில் இயேசுவை மீட்பர் என்கிறோம்; லத்தீனில் அவருக்கு 'சால்வாத்தோர்', அதே சால்வாரே வேர். இந்த எல்லா இடத்திலும் உள்ளே இருக்கும் எண்ணம் ஒன்று: பொருள் உரியவரிடம் திரும்புகிறது. மாட்டை மீட்டவன் மாட்டுக்கு உடையவன் ஆவதில்லை.

ஆங்கிலச் சொல் கூலியைச் சொல்கிறது, தமிழ்ச் சொல் திரும்பலைச் சொல்கிறது. கடல் சட்டம் இரண்டையும் சேர்த்தே கேட்கிறது. கடலில் கிடந்ததை எடுத்தவருக்குப் பொருள் சொந்தமில்லை, ஆனால் எடுத்த பாட்டுக்குக் கூலி உண்டு. 'கடல் கொடுத்தது, எடுத்தவனுக்கு' என்ற பேச்சு எல்லாக் கரையிலும் உண்டு. முன்பு அரசர்களே அப்படித்தான் நடந்தார்கள். ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளியில் காகதிய அரசர் கணபதிதேவர் 1244இல் வெட்டுவித்த சாசனம் இதைத் திறந்து சொல்கிறது: புயலில் சிக்கிக் கரையொதுங்கிய கலங்களின் சரக்கை முந்தைய அரசர்கள் முழுவதும் பறித்தார்கள், இனி வழக்கமான தீர்வைக்கு மேல் எடுக்க மாட்டோம். ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்த விஷயம் இது.

கிடப்பது என்ன வகை என்று முதலில் பாருங்கள்

ஆங்கிலக் கடல் வழக்கு நான்கு வகை பிரிக்கிறது. கலம் உடைந்து தானாக மிதந்து வருவது 'ஃப்ளோட்சம்'. மூழ்காமல் தப்பிக்கச் சுமையைக் குறைக்க வேண்டுமென்றே எறிந்தது 'ஜெட்சம்'. மூழ்கும்படி விட்டு, பிறகு வந்து எடுக்க மிதவை கட்டி வைத்தது 'லாகன்'. இனி வரமாட்டோம் என்று கைவிட்டுப் போன கலம் 'டெரிலிக்ட்'. நம் 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டமும் 'சிதைவு' என்பதற்குள் இந்த நான்கையும் சேர்த்திருக்கிறது. அதற்கு மாற்றாக 2025இல் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியிருக்கிறது; அதிலும் சிதைவும் மீட்பும் உண்டு.

இதில் மீனவருக்கு நேராக உதவுவது மூன்றாவது. பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், வலை மாட்டி அறுத்துவிட்டு வர வேண்டியிருந்தால் அப்படியே அறுக்காதீர்கள். வலையின் தலைக்கயிற்றில் மிதவையைக் கட்டி, மிதவையில் படகுப் பதிவெண்ணை எழுதி, ஜிபிஎஸ்ஸில் புள்ளி போட்டுவிட்டு அறுங்கள். ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன் போதும். வலை உங்களுடையது, கைவிடவில்லை என்பதற்கு அந்தக் கேன்தான் சாட்சி. கயிறு ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம் இருக்கட்டும். ஆழத்துக்குச் சரியாகக் கட்டினால் நீரோட்டம் இழுக்கும்போது கேன் தண்ணீருக்குள் போய்விடும்.

டெரிலிக்ட் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ஆள் இல்லாத படகு என்பதால் மட்டும் அது கைவிட்ட படகு ஆகாது. ஆள் நீந்திப் போயிருக்கலாம், வேறு படகு ஏற்றிப் போயிருக்கலாம், அல்லது பக்கத்திலேயே தண்ணீரில் கிடக்கலாம். கடைசியாகச் சொன்னதற்காகத்தான் ஆளில்லாப் படகைக் கண்டால் முதல் வேலை கயிறு போடுவது அல்ல, சுற்றித் தேடுவது. காற்றுக்கு எதிர்த்திசையில், படகு எந்தப் பக்கமிருந்து வந்ததோ அந்தப் பக்கம் தேடுங்கள். தண்ணீரில் கிடக்கும் ஆள் படகை விட மெதுவாகத்தான் ஒதுங்குவார். கடலோரக் காவல்படைக்கு 1554, மரைன் போலீசுக்கு 1093. இரண்டும் கட்டணமில்லா எண்கள். இடத்தைச் சொல்லும்போது ஜிபிஎஸ் எண்ணைச் சொல்லுங்கள்.

எங்கே ஒதுங்கியிருக்கும்

அறுத்துக்கொண்டு போன படகைத் தேடும்போது அது எப்படி மிதக்கிறது என்பதைப் பொறுத்துத் திசை மாறும். தண்ணீர் ஏறாத வெறும் படகு உயர மிதக்கும். காற்று சொல்லும் பக்கம் போகும். விளிம்பு வரை தண்ணீர் நிரம்பிய படகு நீரோட்டத்தோடு போகும், காற்றை அவ்வளவாகக் கேட்காது. வாடைக் காலத்தில் பாம்பன் கால்வாயில் வடகடலிலிருந்து (பாக் விரிகுடா) தென்கடலுக்கு (மன்னார் வளைகுடா) இழுப்பு. கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் நேர் எதிர். வாடையில் மண்டபம் வடகரையில் அறுத்த படகு தூக்குப்பாலத்தைத் தாண்டித் தெற்கே வந்திருக்க வாய்ப்புண்டு என்பதைத் தேடப் போகிறவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

கிழக்கே எல்லைக்கோட்டை நோக்கி மிதந்து போகும் படகின் பின்னால் போகாதீர்கள். இலங்கையோடு செய்த 1974, 1976 உடன்படிக்கைகள் போட்ட கோடு அது. ஒரு படகைப் பிடிக்கப் போய் இரண்டு படகையும் ஆட்களையும் இழந்துவிடக் கூடாது. புள்ளியைக் குறித்து 1554க்குச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். நம் ஊர்களில் 'படகு மீட்பு' என்றாலே அந்தப் பக்கம் பிடிபட்ட படகுகளை நீதிமன்றம் வழியாகத் திரும்பப் பெறுவது என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். அது வேறு பாதை, வேறு வேலை. இங்கே பேசுவது கடல் கொண்டதை மட்டும்.

கவிழ்ந்த ஃபைபர் வள்ளம்

பெரும்பாலான ஃபைபர் வள்ளங்களில் முன்னணியத்திலும் (படகின் தலைப்பக்கம்) பலகைகளுக்கு அடியிலும் காற்றறை அல்லது தெர்மாகோல் இருக்கும். அதனால் கவிழ்ந்தாலும் அடிப்புறம் மேலாக மிதக்கும். நிமிர்த்துவதற்கு முன் தொங்கும் வலையையும் கயிறுகளையும் வெட்டியோ இழுத்தோ தனியாகக் கட்டி மிதக்க விடுங்கள். வலை தொங்கும்போது நிமிர்த்தினால் அதுவே நங்கூரமாகி மறுபடி கவிழ்க்கும். உங்கள் புரொப்பல்லரில் சுற்றினால் இரண்டு படகுக்கும் மீட்பு தேவைப்படும்.

கயிறு கட்டும் முறை இது. உங்கள் படகு நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க விளிம்பில், நடுப்பகுதியில், ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு இடத்தில் கட்டுங்கள். கயிறு இரண்டையும் கவிழ்ந்த அடிப்புறத்தின் மேலாக எடுத்து உங்கள் பக்கம் கொண்டு வாருங்கள். படகுக்குக் குறுக்காக மெல்ல இழுத்தால் தூர விளிம்பு எழுந்து உருளும். ஒரே இடத்தில் கட்டினால் விளிம்புப் பலகை பிய்ந்து வரும். நிமிரும் தருணத்தில் நீங்கள் இழுக்கும் பக்கத்தில் யாரும் தண்ணீரில் நிற்கக் கூடாது. எழும் விளிம்பு தலையில் இறங்கும்.

நிமிர்ந்த படகு தண்ணீரோடு இருக்கும். இதுதான் பலர் தப்பாகக் கணிக்கும் இடம். எட்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், அரை மீட்டர் தண்ணீர் என்றால் ஆறு டன். அதை அப்படியே டிராக்டரில் கட்டிக் கரைக்கு இழுத்தால் பின்பலகை கிழியும், அடிக்கட்டை முறியும். முதலில் இறைக்க வேண்டும். விளிம்பு தண்ணீருக்கு மேல் ஒரு சாண் வரும் வரை வாளியால் இறைத்துவிட்டுத்தான் பம்பு. அலை ஏறி வரும்போது பம்பு மட்டும் வைத்தால் இறைக்கும் வேகத்தில் திரும்ப நிரம்பும். படகின் தலையை அலைக்கு நேராகப் பிடித்துக்கொள்ள ஒரு படகு, இறைக்க ஒரு படகு என்று இரண்டு வேண்டும்.

இழுத்து வரும்போது கயிறு குறைந்தது படகின் நீளத்தைப் போல நான்கு மடங்கு இருக்கட்டும். குட்டைக் கயிறு ஒவ்வோர் அலையிலும் வெட்டி இழுக்கும். முன்னணியத்துக் கொக்கியை மட்டும் நம்பாமல், இரண்டு பக்கத்தையும் பிடித்து 'வி' போல ஒரு வடம் போட்டு அதில் இழுங்கள். வேகம் மணிக்கு மூன்று நாட்டிகல் மைலுக்கு மேல் வேண்டாம். இழுபடும் படகில் யாரும் ஏறக் கூடாது. எடையைப் பின்னணியத்தில் வையுங்கள்; முன்புறம் கனத்தால் படகு பக்கவாட்டில் ஓடி உருளும். கயிற்றின் பக்கத்தில் கூரான கத்தியோடு ஓர் ஆள் எப்போதும் இருக்க வேண்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை. 16 மில்லிமீட்டர் பாலிப்ரொப்பிலின் கயிறு புதிதாக இருக்கும்போது சுமார் மூன்றரை டன்னில் அறும். முடிச்சு போட்டால் கிட்டத்தட்டப் பாதி. வெயிலில் ஒரு வருடம் கிடந்திருந்தால் இன்னும் குறைவு. ஆகவே அதில் அறுநூறு கிலோவுக்கு மேல் நம்பாதீர்கள். நைலான் கயிறு பலம் கூடியது, ஆனால் ரப்பர் போல நீளும்; அறும்போது சவுக்காகத் திரும்பி வந்து ஆளை அடிக்கும். இழுவையில் இருக்கும் நைலான் கயிற்றின் நேர்கோட்டில் நிற்க வேண்டாம்.

அடியில் கிடக்கும் படகைத் தூக்குவது

வடகடல் ஆழம் குறைந்தது. பெரும்பகுதியும் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள். அதனால் மூழ்கிய படகை எடுப்பது முடியாத காரியம் இல்லை. கணக்கைச் சரியாகப் போட்டால் கப்பல் கிரேன் எதுவும் வேண்டியதில்லை, இருநூறு லிட்டர் டிரம் போதும்.

ஃபைபர் தண்ணீரைப் போல சுமார் ஒன்றரை மடங்கு கனம். கரையில் தொள்ளாயிரம் கிலோ இருக்கும் வெற்றுடல் கடலுக்குள் முந்நூற்றைம்பது கிலோவுக்குள்தான் கனக்கும். இரும்பு இன்ஜினுக்கு அந்தச் சலுகை இல்லை. 150 கிலோ இன்ஜின் தண்ணீருக்குள்ளும் 125 கிலோவுக்கு மேல் இருக்கும். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 475. ஒரு இருநூறு லிட்டர் பிளாஸ்டிக் டிரம் நிறையக் காற்றோடு இருநூறு கிலோ தூக்கும். முழுக்க நிரம்பாது என்பதால் 180 என்று வையுங்கள். மூன்று டிரம் போதும் என்று கணக்கு வரும். ஆனால் ஆறு கட்டுங்கள். வடகடல் சேறு படகின் அடியைக் கவ்விப் பிடித்திருக்கும், உள்ளே மணலும் ஏறியிருக்கும்.

டிரம்களை மூடிக் கட்டிக் கீழே கொண்டுபோவது நடக்காது. வாயைக் கீழ்நோக்கித் திறந்தபடி, தண்ணீர் நிரப்பிப் படகின் இரு பக்கமும் கட்டி, மேலிருந்து கம்பிரசர் குழாயால் காற்று விட வேண்டும். வாய் ஏன் திறந்திருக்க வேண்டும் என்றால், பத்து மீட்டர் ஆழத்தில் இருக்கும் காற்று மேலே வரும்போது இரட்டிப்பாக விரியும்; ஐந்து மீட்டரிலிருந்து வந்தால் ஒன்றரை மடங்காகும். மூடிய டிரம் பிளந்துவிடும். திறந்த வாய் வழியே மிகுதிக் காற்று வெளியேறும், படகும் மெதுவாக வரும்.

காற்றைச் சமமாக எல்லா டிரம்மிலும் ஒரே நேரத்தில் விடாதீர்கள். முதலில் பின்னணியத்து டிரம்களுக்கு மட்டும் விடுங்கள். ஒரு முனை எழும்போது அடியில் தண்ணீர் நுழைந்து சேற்றின் பிடி விடும். பிறகு முன்னணியம். எல்லாவற்றையும் சேர்த்து நிரப்பினால் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்துவிட்டு, பிடி விட்டதும் அம்பு போல மேலே வந்து கவிழும். அந்த நேரத்தில் கீழே ஆள் இருக்கவே கூடாது.

முக்குளிப்பவர்கள் பற்றி இதையும் சொல்ல வேண்டும். கீழக்கரை, ஏர்வாடிப் பக்கத்துச் சங்குகுளியாளிகளின் கண்ணும் கையும் இந்த வேலைக்கு ஈடில்லாதவை. ஆனால் சங்கு எடுக்கும் பழக்கம் வேறு, வலை சுற்றிய படகுக்குள் நுழைவது வேறு. படகின் உள்ளே போகவே வேண்டாம், வெளியிலிருந்து கட்டுங்கள். ஒருவர் தனியாக இறங்கக் கூடாது. கம்பிரசர் குழாயில் மூச்சு வாங்குவதாக இருந்தால் இன்ஜின் புகை காற்று இழுக்கும் வாய்க்குப் போகாதபடி காற்றுத் திசை பார்த்து வையுங்கள். அந்தப் புகையின் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கீழே இருப்பவர் மயங்கிய பிறகுதான் மேலே தெரியும்.

இந்தக் கடலில் நடந்த பெரிய மீட்பு ஒன்று உண்டு. 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் தனுஷ்கோடியை அழித்தது, பாம்பன் பாலத்தின் கர்டர்களைக் கடலில் தள்ளியது. பொறியாளர் ஸ்ரீதரன் குழு அந்தக் கர்டர்களைக் கடலிலிருந்து தூக்கி, பழுது பார்த்து, மறுபடி ஏற்றி 46 நாளில் பாலத்தைத் திறந்தது. புதிதாகச் செய்து கொண்டுவரக் காத்திருந்தால் மாதக்கணக்கில் ஆகியிருக்கும்.

பாரில் ஏறிய படகு

தென்கடலில் தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே 21 தீவுகள். சுற்றிலும் பவளப் பார். 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. இங்கே படகு ஏறிவிட்டால் முழு வேகத்தில் பின்னால் எடுக்க முயல்வதுதான் முதல் தப்பு. அடி கிழியும், பவளமும் நொறுங்கும். முதலில் ஒரு நங்கூரத்தைச் சிறு படகில் எடுத்துப்போய்க் கடல் பக்கம், ஆழத்தில் போட்டுக் கயிற்றை இறுக்குங்கள். அடுத்த அலை உங்களை இன்னும் உள்ளே தூக்கிப் போடாமல் அது பிடிக்கும். பிறகு பனிக்கட்டி, மீன், எண்ணெய்க் கேன்கள் எல்லாவற்றையும் இறக்கி எடையைக் குறைத்து ஏற்றத்துக்குக் காத்திருங்கள். நம் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனால் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஒரு சாண் கூடுதலாகக் கிடைக்கும். பல நேரம் அந்த ஒரு சாண் போதும். தீவில் இறங்குவதற்கு முன் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

நனைந்த இன்ஜின்

மீட்ட படகில் விலை உயர்ந்தது இன்ஜின். அதைக் கெடுப்பது பெரும்பாலும் கடல் அல்ல, கரைக்கு வந்த பிறகு நடக்கும் இரண்டு தப்புகள். ஒன்று, 'ஓடுதா பார்ப்போம்' என்று கயிற்றை இழுப்பது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளையும். இரண்டாவது, வெயிலில் காய வைப்பது. உப்புத் தண்ணீருக்குள் கிடக்கும் வரை இரும்பு மெதுவாகத்தான் அரிக்கும். வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் அரிப்பு மணிக்கணக்கில் ஓடும். ஆகவே மெக்கானிக் வர நேரமாகும் என்றால் இன்ஜினை நல்ல தண்ணீர் நிரம்பிய டிரம்முக்குள் முழுக்க மூழ்க வையுங்கள். தண்ணீர் விலை கொடுத்து வாங்கும் ஊர்தான், தெரியும். இருநூறு லிட்டர் தண்ணீரின் விலை ஒரு பேரிங்கின் விலைக்கு ஈடாகாது.

அவுட்போர்டு இன்ஜினுக்கு வரிசை இது. மூடியைக் கழற்றி, பேட்டரி இணைப்பை எடுத்து, எல்லா இடத்திலும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துளை கீழ்நோக்கி இருக்கும்படி படுக்க வைத்து, ஃபிளைவீலைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். தண்ணீர் வடியும். கையில் தடை தட்டினாலோ மணல் உரசும் சத்தம் கேட்டாலோ அங்கேயே நிறுத்துங்கள்; பிரித்துத்தான் கழுவ வேண்டும். கார்புரேட்டர், எரிபொருள் குழாய், டேங்க் மூன்றையும் காலி செய்யுங்கள். தண்ணீர் கலந்த மண்ணெண்ணெயைத் தெளிய வைத்துத் திரும்ப ஊற்றலாம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு மேசைக்கரண்டி, சுமார் 15 மில்லி ஆயில் விட்டு மறுபடி கையால் பத்துப் பதினைந்து சுற்று. புது பிளக் போட்டு, நல்ல தண்ணீர்த் தொட்டியில் வைத்து அன்றைக்கே அரை மணி நேரமாவது ஓட்டி விடுங்கள். அந்தச் சூடுதான் உள்ளே மிஞ்சிய ஈரத்தை விரட்டும். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் சம்ப் ஆயிலையும் (இன்ஜின் அடித்தொட்டி ஆயில்) மாற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

உள்ளே வைத்த டீசல் இன்ஜினில் பிளக்குக்குப் பதில் இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டும். மற்றபடி அதே வரிசை. ஏர் ஃபில்டரைத் தூக்கிப் போடுங்கள். சம்ப் ஆயிலைத் திறந்தால் முதலில் தண்ணீர் வரும், பிறகு டீ நிறத்தில் ஆயில் வரும். புது ஆயில் ஊற்றிப் பத்து நிமிடம் ஓட்டி வடியுங்கள். இரண்டாவது தடவையும் வெளுத்துத்தான் வரும். நிறம் தெளியும் வரை மாற்ற வேண்டும், வழக்கமாக மூன்று தடவை. முதல் இரண்டு தடவைக்கு விலை குறைந்த ஆயில் போதும். இன்ஜெக்‌ஷன் பம்பை நீங்களே பிரிக்காதீர்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரையும் ஆல்டர்னேட்டரையும் அன்றைக்கே கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, காயில் (கம்பிச்சுருள்) கட்டுபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பேட்டரியைத் தொடும் முன் ரப்பர் கையுறை. கடல் தண்ணீர் உள்ளே இறங்கிய பேட்டரியிலிருந்து குளோரின் வாயு வரலாம். மூடிய அறையில் வைக்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள்.

வலை

கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க வீட்டுக்கு வீடு வைத்திருந்த பாதாளக் கரண்டியின் பெரிய தம்பிதான் வலை எடுக்கும் கொக்கி நங்கூரம். வலை கிடக்கும் திசைக்குக் குறுக்கே இழுத்தால்தான் மாட்டும். நெடுக இழுத்தால் பல தடவை போனாலும் தப்பிவிடும். சேற்றில் மாட்டியதும் வேகத்தைக் கூட்டாமல், நேர் மேலே வந்து நின்று கையால் இழுங்கள். பாரின் மேல் கொக்கியை இழுக்கவே கூடாது, அங்கே ஆள் இறங்கி வெட்டி எடுப்பதுதான் வழி. எடுக்க முடியாது என்று விட்டுவிட்ட வலை சும்மா கிடப்பதில்லை. மாதக்கணக்கில் மீனையும் நண்டையும் ஆமையையும் பிடித்துக் கொன்றுகொண்டே இருக்கும். அதனால் கிழிந்து உதவாத வலையாக இருந்தாலும் எடுப்பது எடுப்பதுதான்.

எடுத்த வலையை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வையுங்கள். வெயில் நைலானை நொறுக்கும். வலையோடு கடல் அட்டையோ பவளமோ வந்திருந்தால் கடலிலேயே திரும்ப விடுங்கள். இரண்டும் வனவிலங்குச் சட்டத்தில் 2001 முதல் தடை. கரைக்குக் கொண்டுவந்த பிறகு விளக்கம் சொல்லிப் பயனில்லை.

தொடக் கூடாதவை

மூடிய டிரம், எழுத்து அழிந்த உருளை, பிரிக்காத பொட்டலம், கண்டெய்னர். இவற்றைப் படகில் ஏற்றாதீர்கள், திறக்காதீர்கள். 2025 மே மாதம் கொச்சிக் கடலில் எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியபோது அதில் கால்சியம் கார்பைடு ஏற்றிய கண்டெய்னர்களும் இருந்தன. கார்பைடில் தண்ணீர் பட்டால் எரியும் வாயு கிளம்பும். படம் எடுங்கள், புள்ளியைக் குறியுங்கள், 1093க்குச் சொல்லுங்கள்.

எழுத்தும் கூலியும்

அடுத்தவர் பொருளை எடுத்து வந்தால், எடுத்த நாள், நேரம், ஜிபிஎஸ் புள்ளி, பதிவெண், நிறம், கூட இருந்த ஆட்கள் இவற்றை ஒரு தாளில் எழுதி மீன்வளத் துறை அலுவலகத்திலோ மரைன் போலீசிலோ கொடுத்து ரசீது வாங்குங்கள். சட்டப்படி இதைப் பெறுவதற்கு மைய அரசு நியமிக்கும் சிதைவுப் பொறுப்பாளர் இருக்கிறார். அவருக்கு அனுப்பச் சொல்லி எழுதிக் கேளுங்கள். 1958 சட்டத்தில் உரியவருக்கு ஓராண்டு அவகாசம் இருந்தது. அறிவிக்காமல் வைத்திருந்தால் கூலி கேட்கும் உரிமை போவதோடு திருட்டு வழக்கும் வரலாம்.

உங்கள் படகு என்றால், சர்வேயர் வரும் வரை தொடாமல் கிடக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். சேதம் கூடாமல் பார்த்துக்கொள்வது காப்பீடு எடுத்தவரின் கடமை. அதற்கு நியாயமாகச் செய்த செலவைக் கடல் காப்பீட்டில் கேட்கலாம், பாலிசியில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். நாலு பக்கமும் படம் எடுத்து, கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். டீசல், கூலி, ஆயில், வாடகை டிரம் எல்லாவற்றுக்கும் பில். படகு முழு இழப்பு என்று முடிவானால் சர்வேயர் போடும் சால்வேஜ் தொகை உங்கள் பணத்திலிருந்து கழியும், உடைசல் உங்களிடமே நிற்கும். ஐந்து லட்சத்துக்குக் காப்பீடு, சால்வேஜ் நாற்பதாயிரம் என்றால் கையில் வருவது நாலு லட்சத்து அறுபதாயிரம், பாலிசியின் மற்றக் கழிவுகள் தனி. அந்த நாற்பதாயிரத்துக்கு உடைசல் நிஜமாகவே விற்குமா என்று இரண்டு கடையில் விலை எழுதி வாங்கி அவரிடம் காட்டுங்கள். அதிகமாகப் போட்டிருந்தால் குறைக்கக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இனிக் கூலி. உலகக் கடல் வழக்கு மூன்று கேட்கிறது: பொருள் உண்மையான ஆபத்தில் இருந்திருக்க வேண்டும், உதவியவர் கடமைக்காக இல்லாமல் தானாக முன்வந்திருக்க வேண்டும், பொருள் மீண்டிருக்க வேண்டும். மீளாவிட்டால் கூலி இல்லை. சொந்தப் படகின் ஆட்களுக்கு இந்தக் கூலி பொருந்தாது. 1989ஆம் ஆண்டு சர்வதேச மீட்பு உடன்படிக்கை தொகையைத் தீர்மானிக்க மீட்ட பொருளின் மதிப்பு, திறமை, ஆபத்து, நேரம், செலவு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது. மீட்ட பொருளின் மதிப்பைத் தாண்டக் கூடாது என்கிறது. நம் கரையில் இது நீதிமன்றம் வரை போவது அரிது, சங்கத்தில் உட்கார்ந்து பேசி முடியும். பேசும்போது டீசல், அறுந்த கயிறு, போன ஒரு நாள் தொழில் மூன்றையும் தனித்தனியாக எழுதி, அதற்கு மேல் ஆபத்துக்கு ஒரு தொகை வையுங்கள். மொத்தமாக ஒரு தொகை கேட்டால்தான் சண்டை வருகிறது. ஆளைக் காப்பாற்றியதை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். காப்பாற்றப்பட்டவர் அதற்குக் கூலி தரக் கடமைப்பட்டவர் அல்லர் என்றே அந்த உடன்படிக்கையும் சொல்கிறது. தாளில் சம்மாட்டியும் (படகின் உரிமையாளர்) மீட்டவரும் கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் சங்கத்தில் இருக்கட்டும். படகைக் கையில் கொடுப்பதற்கு முன் அந்தக் கையெழுத்து முடிந்துவிட வேண்டும்.